ஈக்கு வைத்த பெயர்

தாயின் வயிற்றில் கரு வளரும்போது மூளை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிய வேண்டும். முகத்தின் நடுவில் மூக்கு வருவதற்கு இடம் விட்டு, கண்கள் இரண்டும் தள்ளி அமைய வேண்டும். கையில் ஒரு ஓரம் கட்டைவிரலும் மறு ஓரம் சுண்டுவிரலும் முளைக்க வேண்டும். இந்த மூன்று வேலைக்கும் தேவைப்படும் மரபணு ஒன்று நம் எல்லோருடைய உடலிலும் இருக்கிறது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். வீடியோ கேமில் சிவப்பு ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிற நீல முள்ளெலி இருக்கிறதே, அதன் பெயரேதான்.

பாடப்புத்தகத்திலும் ஆய்விதழிலும் மருத்துவ அறிக்கையிலும் இந்தப் பெயர்தான் இருக்கிறது. முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மரபணு பழுதானால் என்ன ஆகும் என்று பிறகு படித்தபோது சிரிப்பு நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். அதற்கு ஈயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாழைப்பழம் கொஞ்சம் கனிந்து கறுத்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே பொடி ஈ, அதுதான் பழ ஈ. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் ஒரு சின்ன அறையில் பால் பாட்டில்களில் வாழைப்பழத்தைப் போட்டு இவற்றை வளர்த்தார். சாதாரணமாக இந்த ஈக்களுக்குக் கண் சிவப்பு. 1910இல் ஒரு ஆண் ஈ வெள்ளைக் கண்ணோடு வந்தது. அதற்குக் காரணமான மரபணுவுக்கு 'வெள்ளை' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அந்த மரபணு கண்ணுக்குச் சிவப்பு நிறம் சேர உதவுவது. அது கெட்டுப்போனால்தான் கண் வெள்ளையாகிறது.

வீட்டில் ஃபியூஸ் போனால் இருட்டாகிவிடும். அதனால் ஃபியூஸுக்கே 'இருட்டு' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? ஈ ஆராய்ச்சியாளர்கள் செய்தது இதைத்தான். மரபணு என்ன வேலை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது பழுதானால் ஈ எப்படி இருக்கிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் பழுதின் பெயரே மரபணுவின் பெயராகிவிட்டது. மார்கனின் அறையில் தொடங்கிய இந்தப் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக நீடிக்கிறது. ஈ மரபணுக்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு விளையாட்டாக இருக்கின்றன என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. பழுது என்பது கண்ணால் பார்க்கிற விஷயம். பார்த்ததும் எதையாவது நினைவூட்டும். நினைவுக்கு வந்ததைப் பெயராக வைத்துவிடுவார்கள்.

நம் ஊர்களில் பட்டப்பெயர் பிறப்பதும் இப்படித்தான். ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். தெருவுக்குள் அந்தப் பெயரைச் சொன்னால் ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

சில பட்டப்பெயர்களைப் பாருங்கள். இதயமே உருவாகாத ஈ ஒன்றின் மரபணுவுக்கு 'டின்மேன்' என்று பெயர். ஆஸ் மந்திரவாதிக் கதையில் வருகிற தகர மனிதனுக்கு இதயம் கிடையாது, அதைத் தேடித்தான் அவன் கிளம்புகிறான். ஐரோப்பாவில் வாரிசு அற்றுப்போன அரச வம்சங்களான டியூடர், வலுவா, வாசா, ஸ்டாஃபன் ஆகிய பெயர்களையெல்லாம் ஒரு மரபணுக் கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மரபணு கெட்ட தாய் ஈக்குப் பிள்ளைகள் பிறக்கும், பேரப்பிள்ளைகள் பிறக்காது. ஜப்பானிய மொழியில் 'ஃபுஷி தராஸு' என்று ஒன்று. 'கணு போதவில்லை' என்று பொருள். மூங்கிலுக்கும் கரும்புக்கும் நாம் சொல்கிற அதே கணுதான். அது பழுதான ஈயின் புழுப் பருவ உடலில் இருக்க வேண்டிய கணுக்களில் பாதிதான் இருக்கும். இந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் ஒரு குடும்பக் கதையும் உண்டு. பழ ஈயின் கண் ஏறக்குறைய 800 குட்டிக் கண்கள் சேர்ந்தது. ஒவ்வொரு குட்டிக் கண்ணிலும் ஒளியை உணரும் செல்கள் எட்டு. அவற்றில் ஏழாவது செல் புற ஊதா ஒளிக்கானது. ஒரு வகை ஈயில் இந்த ஏழாவது மட்டும் உருவாகவில்லை. பெயர்: 'செவன்லெஸ்', ஏழு இல்லாதது. பக்கத்தில் இருக்கும் எட்டாவது செல் ஒரு புரதத்தை நீட்டி ஏழாவதைத் தொட்டுச் சேதி சொன்னால்தான் அது கண் செல்லாக மாறும். தொட்டுச் சேர்வதால் அந்தப் புரதத்துக்கு 'பிரைட் ஆஃப் செவன்லெஸ்', ஏழு இல்லாததன் மணமகள் என்று பெயர். சேதி வந்த பிறகு செல்லுக்குள் அதை வாங்கி அடுத்த இடத்துக்குக் கொடுப்பது 'சன் ஆஃப் செவன்லெஸ்', அதாவது மகன். பின்னால் மகளும் வந்தாள். சிரிப்பாக இருந்தாலும் உறவுமுறையைச் சொன்னாலே சேதி எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. மாணவர்கள் இதை ஒரு முறை கேட்டால் மறப்பதில்லை. இந்த மகன் நம் உடலிலும் இருக்கிறான். அவன் ஓயாமல் வேலை செய்யும்படி பிறழ்வு ஏற்பட்டால் நூனன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறு வரும்.

போதை பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உயரமான கண்ணாடிக் குழாய், உள்ளே படிப்படியாகச் சரிவான தட்டுகள். உச்சியில் ஈக்களை விட்டு ஆல்கஹால் ஆவியைச் செலுத்துவார்கள். போதை தலைக்கேறியவை தட்டிலிருந்து தட்டுக்குச் சறுக்கிக் கீழே வந்து விழும். மற்றவற்றுக்கு முன்னாலேயே விழுந்த ஒரு வகைக்கு 1998இல் 'சீப் டேட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரே கிளாஸில் கவிழ்ந்துவிடுவதால் செலவு வைக்காத துணை என்று அர்த்தம். ஆராய்ந்து பார்த்தால் அது புது மரபணுவே அல்ல. கற்றதைச் சீக்கிரம் மறந்துபோகும் ஈக்களிடம் முன்பே கண்டுபிடித்து 'அம்னீஸியாக்', மறதிக்காரன், என்று பெயர் வைத்திருந்த அதே மரபணுதான். ஒரே ஆளுக்கு இரண்டு தெருவில் இரண்டு பட்டப்பெயர்.

இனி முள்ளெலிக்கு வருகிறேன்.

1970களின் கடைசியில் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் ஒரு பெரிய வேலையில் இறங்கினார்கள். ஈக்களுக்கு ரசாயனம் கொடுத்துக் கண்டபடி பிறழ்வுகளை உண்டாக்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களாக வளர்த்து, எந்தக் குடும்பத்தில் கரு எப்படிக் கெடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே பொருளைப் பார்க்கும்படியான மைக்ரோஸ்கோப் அவர்களிடம் இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்தது முட்டையிலிருந்து வெளிவரப்போகும் புழுவின் தோலை. ஒரு மில்லிமீட்டர்கூட இராத புழு. வயிற்றுப் பக்கத்தைத் திருப்பினால் பட்டை பட்டையாகப் பொடி முட்கள் தெரியும், ஊர்ந்து போகும்போது பிடிமானத்துக்கு. ஒரு பட்டை முள், அடுத்து வழவழப்பான ஒரு இடைவெளி, மறுபடி ஒரு பட்டை முள். கணுவுக்கு ஒன்று என்று ஒழுங்காகப் போகும் இந்த வரிசை எங்கே குலைந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த மரபணு உடலின் எந்தப் பகுதியை அமைக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்தின் புழுக்களில் வழவழப்பான இடைவெளியே காணவில்லை. உடல் குட்டையாகச் சுருங்கி, வயிறு முழுக்க ஒரே முள். முள்ளெலி மாதிரி இருந்தது. 'ஹெட்ஜ்ஹாக்' என்று எழுதிக்கொண்டார்கள்.

(முள்ளெலி வேறு, முள்ளம்பன்றி வேறு. முள்ளம்பன்றியின் பெயரிலும் தனியாக ஒரு ஈ மரபணு உண்டு. முள்ளெலி கைக்குள் அடங்கும், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தென் தமிழகத்தின் வறண்ட காடுகளில் இன்னும் இருக்கிறது. அதன் முள்ளை நாட்டு மருந்துக்கு என்று பிடித்துக் கொல்வதும் நடக்கிறது.)

1980இல் நேச்சர் இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் 15 மரபணுக்கள் இருந்தன. 1995இல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த 15 பெயர்களையும் ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். முள்ளெலி இருக்கிறது. கூஸ்பெர்ரி இருக்கிறது. ஒட்டுப்போட்டது என்று பொருள்படும் 'பேட்ச்டு' இருக்கிறது. கூடவே கூனன் என்று ஒன்று, குட்டிகளிலேயே நோஞ்சான் என்று ஒன்று, குள்ளப் பயல் என்று ஒன்று, ஜெர்மன் மொழியில் முடவன் என்று பொருள்படும் 'க்ருப்பெல்' ஒன்று. இவற்றில் சில அதற்கு முன்பே மற்றவர்கள் வைத்த பெயர்கள். ஒரு புழுவைப் பார்த்து முள்ளெலி என்று சொல்வதும் முடவன் என்று சொல்வதும் அந்த அறையில் ஒரே வகைப் பேச்சாகத்தான் இருந்திருக்கும். புழு கேட்கப்போவதில்லை, வருத்தப்படப்போவதும் இல்லை.

ஆனால் அந்த மரபணுக்கள் ஈயோடு நிற்கவில்லை. இதை அப்போது யாரும் சரியாக எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஈயில் உடலை அமைக்கும் கருவிப்பெட்டியும் நம்மிடம் உள்ள கருவிப்பெட்டியும் பெருமளவு ஒன்றே என்பது 1980களிலும் 90களிலும்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஈயில் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் எலியில் இணை உண்டா, மனிதனில் உண்டா என்று தேட ஆரம்பித்தார்கள். தேடியவர்கள் பெயரையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

முள்ளெலிக்கு முதுகெலும்புள்ள பிராணிகளில் ஒன்றல்ல, மூன்று இணைகள் கிடைத்தன. இரண்டுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயர்களையே வைத்தார்கள்: இந்திய முள்ளெலி, பாலைவன முள்ளெலி. மூன்றாவதுக்குப் பெயர் யோசித்தபோது ஹார்வர்டில் கிளிஃப் டாபின் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ரிடில், அப்போது புதிதாக வந்து பரபரப்பாக இருந்த வீடியோ கேமின் பெயரைச் சொன்னார். 1993 டிசம்பரில் செல் இதழில் கோழி, எலி, மீன் என்று மூன்று கட்டுரைகள் சேர்ந்து வெளிவந்தன. சோனிக் ஹெட்ஜ்ஹாக் அச்சில் ஏறிவிட்டது.

கோழிக் குஞ்சின் கருவில் இறக்கை முதலில் ஒரு சின்ன மொட்டாகத்தான் தோன்றும். மொட்டின் பின் ஓரத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதை வெட்டி எடுத்து இன்னொரு கருவின் மொட்டில் முன் ஓரத்தில் ஒட்டினால் விரல்கள் இரட்டையாக, கண்ணாடிப் பிம்பம் மாதிரி இரண்டு பக்கமும் முளைக்கும். அந்தப் பகுதி என்ன சேதியை அனுப்புகிறது என்பது பல வருஷம் புதிராக இருந்தது. அனுப்புவது சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம் என்று ரிடிலும் மற்றவர்களும் காட்டினார்கள். நம் கையிலும் இதுதான் நடக்கிறது. புரதம் சுரக்கும் ஓரத்தில் சுண்டுவிரல், தள்ளிப் போகப் போக மற்றவை, எட்டாத மறு ஓரத்தில் கட்டைவிரல். இந்த மரபணுவை எப்போது, எங்கே இயக்குவது என்று தீர்மானிக்கும் ஸ்விட்ச் ஒன்று டி.என்.ஏ.வில் ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால்கூட தப்பான ஓரத்திலும் புரதம் சுரந்து, கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வந்துவிடலாம். ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்த ஆறாவது விரல்களில் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த முள்ளெலிதான்.

இது வரைக்கும் சரி. 1996இல் கதை திரும்புகிறது.

அந்த வருஷம் இந்த மரபணுவை முழுவதும் நீக்கிய எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். மூளை இரண்டாகப் பிரியவில்லை, முகத்தின் நடுவில் ஒரே கண். அதே வருஷம் மனிதக் குடும்பங்களிலும் இதன் பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள். ஹோலோப்ரோசென்செஃபாலி என்ற கோளாறு அது. கருவில் முன்மூளை பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் போவது. கருத்தரிப்புகளில் ஏறக்குறைய 250இல் ஒன்றுக்கு இது நேர்கிறது என்கிறார்கள், பெரும்பாலானவை பிறக்கும் வரை தங்குவதில்லை. பிறக்கும் குழந்தைகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவை அதிக நாள் பிழைப்பதில்லை. லேசாகப் பாதிக்கப்பட்டவர்கள், மேல்வரிசையில் நடுவில் ஒரே ஒரு முன்பல் என்ற அளவோடு வாழ்கிறவர்களும் உண்டு. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இந்த மரபணு.

இப்போது அந்த மருத்துவர் அறையை நினைத்துப் பாருங்கள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கும் தாயிடமும் தகப்பனிடமும், உங்கள் குழந்தைக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக்கில் பிறழ்வு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் பத்துப் பேர் சிரித்து ரசித்த பெயர் அங்கே போய் நிற்கிறது. வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோழியின் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த அறை தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனாலும் அந்த அறை இருக்கிறது.

இதற்குள்ளேயே இன்னொரு கதை இருக்கிறது, அதை விட்டுவிட மனம் வரவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆட்டு மந்தைகளில் நடுநெற்றியில் ஒரே கண்ணோடு குட்டிகள் பிறந்தன. மேய்ப்பர்கள் பயந்துபோனார்கள். அரசாங்க ஆராய்ச்சியாளர்கள் மந்தைகளோடு மலையில் தங்கி, ஆடுகள் மேய்வதைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். சினையான 14ஆம் நாள் தாய் ஆடு கார்ன் லில்லி என்ற ஒரு காட்டுச் செடியைத் தின்றிருந்தால் குட்டிக்கு இப்படி ஆகிறது. செடியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்து, ஒற்றைக்கண் அரக்கர்களான சைக்ளாப்ஸ்களின் பெயரால் 'சைக்ளோபமின்' என்று பெயரிட்டார்கள். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பது முப்பது வருஷம் கழித்துத்தான் புரிந்தது. முள்ளெலிச் சேதியை வழியிலேயே மறிக்கிறது. ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருவது இந்தச் சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால். அப்படியானால் மறிக்கும் மருந்து உதவுமே என்று அதே வழியைப் பின்பற்றிச் செய்த விஸ்மோடெகிப் என்ற மாத்திரைக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புழுவின் வயிற்று முள்ளும், மலையில் செத்துப் பிறந்த ஆட்டுக்குட்டியும், ஒரு நோயாளியின் மூக்குமேல் இருக்கும் புண்ணும் ஒரே கோட்டில் வருகின்றன. இவற்றைக் கோக்கும் சொல் ஹெட்ஜ்ஹாக். அந்தப் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக இருந்திருந்தால் இந்தக் கோடு இவ்வளவு பேருக்கு நினைவில் நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இதே ஆராய்ச்சியாளர் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் இன்னொரு பெயருக்கும் காரணம். ஒரு நாள் மைக்ரோஸ்கோப்பில் மேல், கீழ் குழம்பிப்போன ஒரு கருவைப் பார்த்து ஜெர்மன் மொழியில் "டோல்!" என்று கத்தினாராம். 'அட, அபாரம்!' என்கிற மாதிரி. அதுவே பெயராகிவிட்டது. நம் டோல்கேட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு, டோல் வேலை செய்யாத ஈக்களுக்குப் பூஞ்சையை எதிர்க்க முடியவில்லை என்று காட்டியது. கட்டுரையில் ஒரு படம் உண்டு: செத்துக் கிடக்கும் ஈ, உடலெல்லாம் காளான் இழை முளைத்துப் புதர் மாதிரி. அதிலிருந்து மனிதனில் கிருமிகளை முதலில் அடையாளம் கண்டுகொள்ளும் புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்குப் பெயர் டோல் போன்ற ஏற்பிகள், நம்மிடம் பத்து இருக்கின்றன. இதற்காக 2011இல் ஹாஃப்மனுக்கும் புரூஸ் பாய்ட்லருக்கும் நோபலில் பங்கு கிடைத்தது. எந்த நோயாளியிடமும் இந்தப் பெயரைத் தயங்காமல் சொல்லலாம். ஒருவர் மகிழ்ந்து போட்ட சத்தம் அது, யாரையும் கேலி செய்யவில்லை.

கேலி செய்த பெயர்களின் கதை வேறு. ஈயின் இறக்கை ஓரத்தை அமைக்கும் ஒரு மரபணுவுக்கு விளிம்பு என்ற பொருளில் 'ஃப்ரின்ஜ்' என்று பெயர். எலியிலும் மனிதனிலும் அதற்கு மூன்று இணைகள் கிடைத்ததும் லூனாட்டிக் ஃப்ரின்ஜ், மேனிக் ஃப்ரின்ஜ், ராடிகல் ஃப்ரின்ஜ் என்று வைத்தார்கள். பித்துப்பிடித்த தீவிரவாதக் கும்பலை ஆங்கில அரசியல் பேச்சில் 'லூனாட்டிக் ஃப்ரின்ஜ்' என்பார்கள், அந்தச் சிலேடை. முதுகெலும்பு கோணி, விலா எலும்புகள் ஒட்டிப் பிறக்கும் ஒரு கோளாறுக்கு இந்த லூனாட்டிக் ஃப்ரின்ஜின் பிறழ்வும் ஒரு காரணம் என்று 2006இல் தெரியவந்தது. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் பைத்தியக்காரன் என்ற சொல் உள்ள பெயரை எப்படிச் சொல்வது?

1963இல் குல்பீர் கில் என்ற இந்திய விஞ்ஞானி அமெரிக்காவில் வேலை செய்தபோது, ஆண் ஈக்கள் மற்ற ஆண் ஈக்களையே துரத்தி இணைய முயலும் ஒரு வகையைக் கண்டுபிடித்தார். முதலில் வைத்த பெயர் 'ஃப்ரூட்டி'. தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களை இழிவாகச் சொல்லும் கொச்சைச் சொல் அது. பின்னாளில் அதை 'ஃப்ரூட்லெஸ்' என்று மாற்றினார்கள். கனி இல்லாதது, பலன் இல்லாதது. அந்த ஆண்களுக்கு வாரிசு கிடையாது. மாற்றியதால் வேடிக்கை குறையவில்லை. கனிக்கும் ஈக்கும் உள்ள சிலேடை அப்படியே இருக்கிறது, வசவு மட்டும் போய்விட்டது. ஆண் ஈயின் காதல் நடத்தையை ஆராய்வதில் மிக முக்கியமான மரபணுவாக அது இன்று அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது.

முடவன் என்ற 'க்ருப்பெல்' இதைவிட ஆழமாகப் புதைந்திருக்கிறது. மனிதனில் அதைப் போன்ற புரதங்கள் ஒரு பெரிய குடும்பம். க்ருப்பெல் போன்ற காரணிகள் என்று பெயரிட்டு கே.எல்.எஃப். என்று சுருக்கினார்கள். சாதாரணத் தோல் செல்லைத் திரும்பவும் குருத்துச் செல்லாக மாற்ற ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா பயன்படுத்திய நான்கு காரணிகளில் ஒன்று கே.எல்.எஃப்.4. அந்த கே எதன் முதலெழுத்து என்று தெரியாமலே எத்தனையோ பேர் தினமும் எழுதுகிறார்கள். மனித மரபணுப் பெயர்களுக்கான குழு இப்போது முழுப்பெயரிலிருந்து க்ருப்பெல்லை எடுத்துவிட்டு கே.எல்.எஃப். என்பதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இயற்பியல்காரர்களும் விளையாடியிருக்கிறார்கள். குவார்க்குகளுக்கு விசித்திரம், வசீகரம் என்றெல்லாம் பெயர். அணுக்கரு எவ்வளவு பெரிய குறி என்று அளக்கும் அலகுக்குத் தானியக் கொட்டகை என்று பொருள்படும் 'பார்ன்' என்று 1942இல் பெயர் வைத்தார்கள். குறி பார்த்து அடிக்க அது கொட்டகை அளவு பெரியது என்ற பேச்சிலிருந்து வந்தது. ஆனால் உங்கள் வசீகரக் குவார்க் பழுதாகிவிட்டது என்று யாரும் யாரிடமும் சொல்லவேண்டி வராது. உயிரியலில் வைக்கும் பெயர் ஒருநாள் ஒரு உடம்புக்குள் போய்ச் சேரும். வித்தியாசம் அதுதான்.

மரபணுப் பெயர்களுக்கான அந்தக் குழுவுக்குப் புண்படுத்தும் பெயர்களைத் தவிர வேறு தலைவலிகளும் உண்டு. 2005இல் புற்றுநோயில் பங்குள்ள ஒரு மரபணுவுக்கு 'போக்கிமான்' என்று பெயரிட்டார்கள். போக்கிமான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று செய்தித் தலைப்பு வந்தால் எந்த கம்பெனி சும்மா இருக்கும்? வழக்குப் போடுவோம் என்றார்கள். இப்போது அது வெறும் இசட்.பி.டி.பி.7ஏ. இன்னொரு பக்கம் மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுக்களை எக்ஸெல்லில் தட்டினால் அது மார்ச் 1ஆம் தேதி, செப்டம்பர் 2ஆம் தேதி என்று மாற்றிவிடும். 2016இல் ஒரு ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்ஸெல்லில் இணைத்திருந்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாகக் கண்டது. 2020இல் மரபணுக்களின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிக்கொண்டார்கள். புண்படுத்தும் பெயர் கூடாது என்ற விதியும் அதே வருஷத்து வழிகாட்டுதலில் இருக்கிறது. லூனாட்டிக் ஃப்ரின்ஜின் பெயர் இப்போது அதன் நொதி வேலையைச் சொல்லும் நீண்ட ரசாயனப் பெயராகிவிட்டது. யாராலும் ஒரு மூச்சில் சொல்ல முடியாது, ஆனால் யாரையும் குத்தாது.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் மட்டும் மாறவில்லை. அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்றும் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற பெயரோடுதான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். முடவனையும் பைத்தியக்காரனையும் எடுத்தது சரி, அவை ஏற்கெனவே மனிதர்களைக் குத்திக்கொண்டிருந்த சொற்கள். முள்ளெலி அப்படி இல்லை. ஒரு புழுவின் வயிற்றை உன்னிப்பாகப் பார்த்ததில் வந்த பெயர் அது. அதற்கு முன்னால் ஒட்டிய சோனிக்தான் உறுத்துகிறது, அதையும் வைத்தவர்கள் யாரையும் நினைத்து வைக்கவில்லை.

அறிக்கையில் எஸ்.எச்.எச். என்று மூன்றெழுத்துதான் இருக்கும். மருத்துவரும் பெரும்பாலும் அந்த மூன்றெழுத்தைத்தான் சொல்வார். ஆனால் அன்று இரவு வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து அந்த எழுத்துகளைத் தட்டுவார்கள். நீல முள்ளெலி சிரித்துக்கொண்டு திரையில் வந்து நிற்கும். அது அவர்களுக்குத் தனியாக இருக்கும்போது தெரியவருவதைவிட, அறையிலேயே யாராவது சொல்லிவிடுவது நல்லது. சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தால், ஹைடெல்பர்க்கில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரிடமிருந்து ஆரம்பிப்பேன். அவர்கள் பார்த்த புழு எவ்வளவு சின்னது, அதன் வயிற்றில் முள் எப்படி இருந்தது, எந்த இடத்தில் இருக்கக் கூடாதோ அங்கேயும் இருந்தது என்று.